நின்றவர்க்கு நேர்ந்த அடைமொழிகள்: ஆங்கிலத்தின் பிடிவாதச் சொற்களும் மாத்தளைச் சரித்திரமும்

ஒருவன் தான் கொண்டதை விடாமல் நிற்கின்ற குணத்தைச் சுட்டுவதற்கு ஆங்கில பாஷையில் வழங்குகின்ற பெயரடைகள் மிகப் பல. ஒப்ஸ்டினேட், ஸ்டபன், டொகெட், டெனேஷஸ், பேர்ட்டினேஷஸ், பேர்சிஸ்டன்ட், ரிப்ராக்டரி, றிகல்சிட்ரன்ட், ஸ்டெட்பாஸ்ட், ரெசலூட் என்று நீளும் இவ்வரிசையை எடுத்து அகராதியிற் பொருள் தேடுகின்ற மாணாக்கன், ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லே பொருளாகக் கூறப்பட்டிருத்தலைக் கண்டு, இவையெல்லாம் ஒரு பொருட் பன்மொழியே என்று கருதிவிடுவது இயல்பு. சற்று ஆழ்ந்து கற்றவரோ, இவற்றுட் சில புகழ்ச்சிக்கும் சில இகழ்ச்சிக்கும் உரியன என்றும், புகழ்வதா இகழ்வதா என்பது சொல்லுகின்றவன் எந்தப் பக்கத்தில் நிற்கின்றான் என்பதைப் பொறுத்தது என்றும் கூறுவர். பேர்ட்ரண்ட் ரஸ்ஸல் என்னும் தத்துவ ஞானி 1948இல் பி.பி.சி. வானொலியில், ஒரே குணம் தன்மையில் உறுதியாகவும் முன்னிலையிற் பிடிவாதமாகவும் படர்க்கையில் மூடத்தனமாகவும் பெயர் பெறுவதை வினைத்திரிபு வாய்பாடு போல எடுத்துக்காட்டியது பலரும் அறிந்த செய்தி.

இவ்விளக்கம் தவறன்று, ஆனால் அது போதாது. சொல்லுகின்றவனுடைய பட்சபாதமே எல்லாவற்றையும் தீர்மானிக்குமாயின், எந்தச் சொல்லும் எந்தப் பக்கத்துக்கும் ஒரே இலகுவிற் சாய வேண்டும். பேர்சிஸ்டன்ட் என்பதை வசையாகவும் றிகல்சிட்ரன்ட் என்பதை வாழ்த்தாகவும் நாம் நாள்தோறும் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பதில்லை. சில சொற்கள் பிறப்பிலேயே ஆணையிடுகின்றவனுடைய வாயில் அமைந்து, நூற்றாண்டுகள் கடந்தும் அவ்விடத்தை விட்டு அகலாதிருக்கின்றன. வேறு சில எளிதாகப் பக்கம் மாறியிருக்கின்றன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் சொல்லின் பிறப்பிலும் இலக்கண அமைப்பிலும் உள்ளது என்பதும், ஒரு பெயரடை தன்னைப் பெற்ற வினையோடு உறவு அறுந்து தனித்துப் போகும்பொழுது, ஒருவன் எதை விடாமல் நின்றான் என்னும் செயப்படுபொருளும் அதனுடன் மறைந்து, அவனுடைய செய்கை அவனுடைய சுபாவமாகச் சித்திரிக்கப்படுகின்றது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இதற்கு உரைகல்லாக இலங்கையின் மாத்தளை மாவட்டத்தை எடுத்துக்கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. ஆங்கிலத்தை ஆட்சி பாஷையாகக் கொண்ட அதிகாரமும், வரி கொடுக்க மறுத்த சிங்களக் குடியானவரும், வடபாதையால் நடந்துவந்து கோப்பித் தோட்டங்களிற் குடியேறிய தமிழ்த் தொழிலாளரும் ஒரே காலத்தில் ஒருங்கு சந்தித்த நிலம் அது. ஆகவே, ஒரு பாஷையின் அடைமொழி வேறொரு பாஷை பேசுவோர்மீது ஏற்றப்படும்பொழுது நேர்வது யாது என்பதை அங்கே தெளிவாகக் காணலாம்.

நிற்றல் என்னும் கருத்திற் பிறந்த சொற்களை முதலில் நோக்குவோம். ஒப்ஸ்டினேட் என்பது, ஒப்ஸ்டினாரே என்னும் இலத்தீன் வினையின் எச்சமாகிய ஒப்ஸ்டினாட்டுஸ் என்பதிலிருந்து, பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. மனத்தை ஒன்றன்மீது அசையாது நிறுத்துதல் என்பது அவ்வினையின் பொருள். நிற்றலைக் குறிக்கும் ஸ்டாரே என்னும் வினையின் அடி அதனுள்ளே உறைகின்றது. விதி என்று பொருள்படும் டெஸ்டினி என்ற சொல் இதற்கு உடன்பிறப்பு. இலத்தீனில் இச்சொல் மனத்திட்பத்தையும் பிடிவாதத்தையும் ஒருங்கே குறித்து வழங்கிற்று. ஆங்கிலமோ எச்சத்தை மட்டும் ஏற்று, வினையை ஏற்காது விட்டது. ஒருவன் இன்னதை ஒப்ஸ்டினேட் செய்கிறான் என்று இன்று ஆங்கிலத்திற் சொல்ல இயலாது. அவன் ஒப்ஸ்டினேட்டானவன் என்று மாத்திரமே சொல்லலாம். பேர்சிஸ்டன்ட் என்பதும் இதே குடும்பத்தில், நிறுத்துதலையும் நிற்றலையும் குறிக்கும் சிஸ்டரே என்னும் வினையிற் பிறந்தது. ஆனால் பேர்சிஸ்ட் என்னும் வினை ஆங்கிலத்தில் உயிரோடிருக்கின்றமையால், ஒருவன் எதிற் பேர்சிஸ்ட் செய்கிறான் என்ற வினா எப்பொழுதும் அருகிலேயே நிற்கின்றது. தீர்மானத்தைக் குறிக்கும் ரெசலூட், டிட்டேர்மின்ட் என்பவற்றுக்கும் ரெசொல்வ், டிட்டேர்மின் என்னும் வினைகள் துணை நிற்கின்றன. இவை பெரும்பாலும் புகழ்ச்சியாக வழங்குவதும், வினைத்துணை இழந்த ஒப்ஸ்டினேட், ஒப்டியுரேட், ரிப்ராக்டரி முதலியன இகழ்ச்சியாக வழங்குவதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஸ்டபன் என்ற சொல்லையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆங்கிலக் கவிஞர் சோசர் காலத்திலேயே வழக்கிலிருந்த இச்சொல்லின் மூலம் இன்றுவரை துணியப்படவில்லை. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைக் குறிக்கும் ஸ்டப் என்பதோடு அதைப் பொருத்திக் கூறுவார் உளரேனும் அதற்கு உறுதியான சான்று இல்லை. தாய்வினை எதுவென்றே அறியப்படாத இச்சொல்லே, அடங்காத குழந்தையிலிருந்து அகலாத கறைவரை எல்லாவற்றின்மீதும் காரணம் கேளாமல் ஏற்றத்தக்க அடைமொழியாக இருக்கின்றது.

இலத்தீனின் ஸ்டாரேயும், ஆங்கிலத்தின் ஸ்டாண்டும், சம்ஸ்கிருதத்தின் ஸ்தா என்னும் தாதுவும் ஒரு மூலத்தின் கிளைகள். 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் நிகழ்த்திய பிரசங்கத்துக்குப் பின் வளர்ந்த ஒப்பியல் மொழிநூல் இதை ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. ஸ்திரம், ஸ்தாவரம், நிஷ்டை, பிரதிஷ்டை என்று நாம் வழங்குவன யாவும் இத்தாதுவின் வழியன. மாத்தளை நகருக்கு வடக்கே அணித்தாயுள்ள அளுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் என்னும் அரசன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே காக்கப்பட்டுவந்த திரிபிடகம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. பஞ்சமும் படையெடுப்பும் நேர்ந்த காலத்தில், மனப்பாடமாகப் போற்றிய வாக்கைக் கைவிடாத அப்பிக்குகளைத் தேரர் என்கிறோம். அது ஸ்தவிரர் என்னும் வடசொல்லின் பாளி வடிவம். அதன் அடியும் ஸ்தா என்பர். அவர்கள் போற்றிய பத்துப் பாரமிதைகளுள் ஒன்று அதிஷ்டானம், பாளியில் அதிட்டானம், அதாவது கொண்ட சங்கற்பத்தினின்று வழுவாமை. ஆக, ஒரே தாது ஒரு கிளையில் வணங்கத்தக்க முதியோரின் பெயராகவும் முத்திக்கு வேண்டிய சற்குணமாகவும் மலர்ந்து, மற்றொரு கிளையில் கண்டிக்கத்தக்க பிடிவாதமாக முடிந்திருக்கின்றது. தாதுப்பொருளில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வேறுபாடு பின்னர் வந்து புகுந்தது.

அது எவ்வாறு புகுந்தது என்பதைப் பற்றுதல் என்னும் கருத்திற் பிறந்த சொற்கள் இன்னும் நன்றாகக் காட்டும். பற்றுதலைக் குறிக்கும் டெனேரே என்னும் இலத்தீன் வினையிலிருந்து டெனாக்ஸ் பிறந்தது. அதனோடு முற்றும் என்னும் பொருள்படும் பேர் என்ற முன்னொட்டுச் சேர்ந்து பேர்ட்டினாக்ஸ் ஆயிற்று. முன்னது ஆங்கிலத்தில் டெனேஷஸ், பின்னது பேர்ட்டினேஷஸ். கி.பி. 193இல் உரோமாபுரியைச் சில மாதங்களே ஆண்டு, தன் காவற் படையினராலேயே கொல்லப்பட்ட சக்கரவர்த்தியின் பெயர் பேர்ட்டினாக்ஸ் என்பது இங்கே நினைவுக்கு வருகின்றது. அக்காலத்தில் அது ஒருவன் தாங்கத்தக்க பெயராகவே இருந்தது. பிற்காலத்திற் கிறிஸ்தவ திருச்சபையின் சட்டம் இச்சொல்லைத் தன் வசப்படுத்திக்கொண்டது. ஒருவன் சமயக் கொள்கையில் தவறான அபிப்பிராயம் கொண்டிருத்தல் மாத்திரத்தால் அவன் பாஷாண்டி ஆவதில்லை. சபை அவனைத் திருத்திய பின்னரும் அவ்வபிப்பிராயத்தை விடாது பற்றியிருந்தாலே அது குற்றமாகும் என்று வகுத்து, அவ்விடாமைக்குப் பேர்ட்டினாசியா என்று பெயரிட்டனர். இவ்வாறு அச்சொல்லின் பொருளுக்குள்ளே திருத்துகின்றவன் ஒருவன் குடிபுகுந்தான். திருத்துகின்றவனுடைய அதிகாரத்தை ஒப்புக்கொள்ளாதவரை அச்சொல்லை முழுமனத்தோடு உச்சரித்தல் இயலாது. நீதிமன்ற அழைப்பை மறுத்தவனைக் குறித்த கொன்டியுமேஷஸ் என்னும் சொல்லும் இத்தகையதே. உரோமச் சட்டத்தில் நீதிபதியின் ஆசனத்திலிருந்து நோக்கினாலன்றி அச்சொல்லுக்குப் பொருளில்லை. டெனேஷஸ் மாத்திரம் இவ்விதிக்குத் தப்பியது. ஒருவன் தன் உரிமைகளைக் குறித்து டெனேஷஸ் ஆனவன் என்று, பற்றப்பட்ட பொருளையும் உடன் கூட்டிச் சொல்லும் வழக்கம் ஆங்கிலத்திற் பழமையானது. வினை மறைந்தாலும் செயப்படுபொருள் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தமையே அதன் மானத்தைக் காத்தது என்பது என் கருத்து. ஸ்டெட்பாஸ்ட் என்பதற்கும் அவ்வாறே. இடம் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் அதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றது.

இனி, இவ்வாராய்ச்சியில் மிகவும் பயன் தருவன மிருகங்களினின்று எழுந்த சொற்கள். றிகல்சிட்ரன்ட் என்பதன் நடுவிலுள்ள இலத்தீன் சொல் குதிகாலைக் குறிக்கும். பின்னங்காலால் உதைக்கின்ற கழுதையோ குதிரையோ அதன் மூலச்சித்திரம். றெஸ்டிவ் என்ற சொல் இன்று நிலைகொள்ளாமையைக் குறிப்பினும், பழைய பிரெஞ்சில் அது முன்னே செல்ல மறுத்து நின்றுவிடும் குதிரைக்கு உரியது. ஸ்டிப்-நெக்ட் என்பது எபிரேய வேதத்தினின்று வந்த மொழிபெயர்ப்பு. நுகத்தடிக்குக் கழுத்தைத் தாழ்த்தாத எருதே அதன் பின்னணி. தமிழ் வேதாகமம் அதனை வணங்காக் கழுத்து என்று பெயர்த்தது மிக அழகு. இச்சித்திரங்கள் யாவற்றிலும் மிருகம் ஒன்று. ஆனால் சித்திரத்துக்கு வெளியே, சவுக்கோடு நிற்கின்ற மனிதன் ஒருவனும் உளன். அவன் இல்லாவிடின் உதைப்பதும் நிற்பதும் கழுத்தை நிமிர்த்துவதும் மிருகத்தின் வழக்கமான அசைவுகளே. அவனுடைய பிரயாணத்துக்கு இடையூறு நேர்ந்தபோதே அவை குணக்குற்றங்களாகின்றன. தமிழிலும் இதற்கு நேரான சொல் உண்டு. வண்டியில் பூட்டியதும் படுத்துக்கொள்ளும் மாட்டைச் சண்டி மாடு என்றும், அச்செயலைச் சண்டித்தனம் என்றும் சொல்லுகின்றோம். மாட்டினுடைய களைப்போ, பாரத்தின் மிகுதியோ அச்சொல்லில் இடம்பெறுவதில்லை. வண்டிக்காரனுடைய அவசரமே அதில் முழுவதும் நிறைந்திருக்கின்றது. தேயிலைத் தோட்டங்களில் சண்டித்தனம் பண்ணுகிறான் என்ற தொடர் எந்த மனிதரைக் குறித்து, எவருடைய வாயிலிருந்து எழுந்தது என்பதை மலையகத்திற் பிறந்தவருக்கு விளக்க வேண்டுவதில்லை.

மிருகச் சொற்கள் யாவும் என்றும் இழிவாகவே இருக்குமெனின், டொகெட் என்பது அதற்கு விலக்கு என்று மறுப்பார் உளர். அம்மறுப்பு ஆராயத்தக்கது. நாயைக் குறிக்கும் டொக் என்பதினின்று பிறந்த இப்பெயரடை, தோன்றிய காலத்தில் நாய்க்குணம் படைத்த, குரூரமான, கடுகடுத்த என்னும் இழிபொருளே கொண்டிருந்தது. சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட தமது பேரகராதியிலும் கடுகடுப்பும் சிடுசிடுப்புமே அதற்குப் பொருள்களாகக் கூறினார். அவரே தம் சம்பாஷணையில், ஒருவன் மனத்தை விடாப்பிடியாக ஈடுபடுத்துவானாயின் எந்நேரத்திலும் எழுதலாம் என்று சொல்லுமிடத்து இச்சொல்லின் வினையடை வடிவத்தை நற்பொருளிற் கையாண்டதை அவருடைய சரிதத்தை எழுதிய பொஸ்வெல் பதிந்துவைத்திருக்கின்றார். அகராதிக்காரர் ஒருவருடைய வாக்கு அவருடைய சொந்த அகராதியை முந்திச்சென்ற இச்செய்தி மொழி நூலாருக்கு அரிய நிதி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நற்பொருள் வேரூன்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓங்கியது. ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட தன்முயற்சி நூலும், 1867இல் முற்றுப்பெற்ற டிரொலப்பின் பார்செட் நாவலும் விடாமுயற்சியை ஆங்கிலேயரின் சற்குணமாகக் கொண்டாடிய காலம் அது. இம்மாற்றத்துக்குக் காரணம் தேடின், டொக் என்பது வினையாகவும் நின்று, ஒன்றன் சுவட்டை விடாமற் பின்தொடர்தலைக் குறித்தமை தெரியவரும். கழுதையும் சண்டிக்குதிரையும் ஒன்றை மறுக்கின்றன. வேட்டைநாய் ஒன்றைத் தொடர்கின்றது. தொடரப்படும் பொருள் கண்முன் இருப்பதால், அந்நாயின் பிடிவாதத்துக்கு நோக்கம் உண்டென்று மனிதன் ஒப்புக்கொண்டான். நம்மவர் உடும்புப்பிடி என்று வியப்போடு சொல்லுவதும் இம்முறையிற்றான். உடும்பு பற்றியிருக்கும் கல் அச்சித்திரத்திலே தெரிகின்றது.

வேறொரு வகையில் உயர்வு பெற்ற மிருகச் சொல் இன்டொமிட்டபிள் என்பது. வசப்படுத்த முடியாத என்பது அதன் நேர்ப்பொருள். வைரத்தைக் குறித்த அடமாஸ் என்னும் கிரேக்கச் சொல்லும், அதன் வழிவந்த அடமன்ட் என்னும் ஆங்கிலச் சொல்லும் வசப்படுத்துதலை மறுக்கும் அடியிலிருந்தே பிறந்தன. பழக்குகின்றவன் இன்னும் முயன்றுகொண்டிருக்கும்போது மிருகம் றிகல்சிட்ரன்ட். அவன் முயன்று தோற்றுவிட்ட பின் அது இன்டொமிட்டபிள். பின்னதில் அவனுடைய தோல்வியும் பதிவாகிவிடுகின்றமையால் அது புகழாகின்றது. தமிழில் வயிரம் என்பது மணியையும் மரத்தின் காழையும் குறிப்பது. பகையைக் குறிக்கும் வைரம் என்னும் வடசொல்லும் ஒலியால் அதனோடு கலந்துவிட்டது. பற்று நீக்கம் என்னும் பொருளுடைய வைராக்கியம் நம் வழக்கில் அசையாத உறுதியையும், சில சமயம் நெடுநாட் பகையையும் குறிக்கும்படி திரிந்ததற்கு, துறவியின் விரதம் எதற்கும் அசையாது என்ற எண்ணத்தோடு இவ்வொலிக் கலப்பும் துணைசெய்திருக்க வேண்டுமென எண்ணத் தோன்றுகின்றது.

மாத்தளையில் 1848இல் நிகழ்ந்தவற்றை இனி நோக்குவோம். அவ்வாண்டு தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் அரசாங்கம் துப்பாக்கிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் அனுமதிக் கட்டணமும், நாய்களுக்கு ஒரு ஷில்லிங் வரியும் விதித்தது. தெருக்கள் அமைக்க ஆண்டுக்கு ஆறு நாள் உழைக்க வேண்டும், அல்லது மூன்று ஷில்லிங் செலுத்த வேண்டும் என்ற ஆணையையும் பிறப்பித்தது. காட்டுப்பன்றியும் யானையும் சேனைப் பயிரை அழிக்கும் ஊரில் துப்பாக்கியும் நாயும் விளைச்சலின் காவல். வரி கேட்கப்பட்டது அக்காவலுக்கு. தெருவேலை ஆணையோ காவியுடுத்த பிக்குகளையும் விலக்காமற் பிடித்தது. ஜூலை மாதத்தில் மக்கள் கண்டியிற் பெருந்திரளாகக் கூடி முறையிட்டனர். ஜூலை 26இல் தம்புள்ளை விகாரையில் கிளர்ச்சித் தலைவர் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பெற்றார். இரண்டு நாளில் கிளர்ச்சியாளர் மாத்தளையை அடைந்து அரசாங்கக் கட்டிடங்களைத் தாக்கி வரிப்பதிவேடுகளை அழித்தனர். 29இல் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஆகஸ்ட் 8இல் மற்றொரு தலைவரான புரன் அப்பு கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே மாதம் 26இல் குடாபொல தேரரும் அவ்வாறே கொல்லப்பட்டார். மாத்தளைக் குன்றுகளிடையே எல்கடுவையில் மறைந்திருந்த பண்டா செப்டெம்பரிற் பிடிபட்டு, இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, மரண தண்டனை குறைக்கப்பெற்று, சவுக்கடியோடு மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். அடக்குமுறையின் கொடுமை இலண்டனில் பாராளுமன்றத்தின் விசாரணைக் குழுவரை சென்றது. 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார்.

இச்சம்பவங்களில் ஒவ்வொரு மறுப்புக்கும் செயப்படுபொருள் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நாய்வரியை மறுத்தனர், துப்பாக்கிக் கட்டணத்தை மறுத்தனர், பிக்குகளைத் தெருவேலைக்கு இழுப்பதை மறுத்தனர். பதிவேடுகளை அழித்ததும்கூட வரி என்னும் குறித்த பொருளையே நோக்கிய செயல். கொலோனிய நிர்வாகத்தின் ஆங்கிலத்தில் எங்கும் வழங்கிய ரிப்ராக்டரி (அடங்காத), டிஸ்அபெக்டட் (அரசிடம் பற்றிழந்த) போன்ற பெயரடைகளை இம்மக்கள்மீது ஏற்றின் என்ன ஆகும்? மறுத்தனர் என்னும் வினை நீங்கி, அடங்காதவர் என்னும் சுபாவம் எஞ்சும். எதை என்ற கேள்வி கேட்கப்படாமலே ஒழியும். சுபாவத்துக்கு மருந்து தண்டனையே என்னும் முடிவும் தானே வந்து சேரும். வரியைத் திருத்துவது செயப்படுபொருளைக் கண்டவன் செய்யத்தக்கது. இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்ய பெயரடையே போதும். ஒரு சொல் மனிதரைக் கொன்றது என்று நான் கூறவில்லை. கொன்றவர் படைவீரரும் அவர்களை ஏவியவருமே. அவர்களுடைய மனச்சாட்சி அமைதியாக இருப்பதற்கு இத்தகைய சொற்கள் துணைபுரிந்தன என்பதை மாத்திரம் கூறுகிறேன்.

அதே ஆண்டுகளில் தென்னிந்தியத் தமிழர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையும் நாலந்தையும் கடந்து, மாத்தளைக்கு நடந்து வந்துகொண்டிருந்தனர். காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் வழியிலே மாண்டவர் பலர். எஞ்சியவர்க்கு மலைநாட்டின் வாயில் மாத்தளை. 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், பின்னர் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும், தொழில் ஒப்பந்தத்தை மீறுதலைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கின. எஜமான்–ஊழியர் சட்ட மரபில் வழங்கும் வில்ஃபுல் டிஸ்ஒபீடியன்ஸ் (வேண்டுமென்றே கீழ்ப்படியாமை) என்னும் தொடர் இங்கே ஆராயத்தக்கது. வில் என்பது மன இச்சை. வில்ஃபுல் என்பது இச்சை நிறைந்தது. எஜமானிடத்தில் உறுதியாகப் போற்றப்படும் அதே இச்சை, ஊழியனிடத்தில் நிறைந்திருந்தால் குற்றமாகின்றது. தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளியைத் துரைமார் போல்ட்டர் என்றனர். மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடும் குதிரைக்குரிய வினையிற் பிறந்த சொல் அது. அவன் கடனிலிருந்து ஓடினானா, பிரம்படியிலிருந்து ஓடினானா, நோயிலிருந்து ஓடினானா என்பதற்கு அச்சொல்லில் இடமில்லை. தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டிற் காட்டும் துண்டு முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது என்பதை நோக்கின், எதிலிருந்து என்னும் வினா எத்தனை காலம் கேட்கப்படாதிருந்தது என்பது விளங்கும். ஆங்கிலத் துரைமார் தமிழ் கற்பதற்கென்று கொழும்பில் ஏ. எம். பெர்குசன் வெளியிட்ட கைந்நூலின் தலைப்பு "இங்கே வா" என்பது. தோட்டத்தில் இரு பாஷைகளும் சந்தித்த விதத்துக்கு அவ்வேவல் வினை ஒன்றே போதிய சான்று.

இனித் தமிழின் அமைப்பை நோக்குவோம். உறுதியைக் குறிக்கும் நம் சொற்களுட் பல எதிர்மறைப் பெயரெச்சங்கள். அவற்றுள்ளும் பல, ஈறுகெட்டன. விடாப்பிடி, வணங்காமுடி, அசையா நெஞ்சம், சலியா முயற்சி, தளரா ஊக்கம், ஓயா உழைப்பு என்னும் இவற்றில் விடு, வணங்கு, அசை முதலிய வினைகள் உயிரோடு நிற்கின்றன. வினை நிற்கும் இடத்தில் எழுவாயும் செயப்படுபொருளும் வேற்றுமையும் உடன் நிற்கும். எதை விடாத, எவர்க்கு வணங்காத, எதற்கு அசையாத என்று கேட்பவன் இலக்கணத்துக்குள் நின்றே கேட்கலாம். துரியோதனனுக்கு வணங்காமுடி என்ற பெயர் வழங்குவதால் அச்சொல் கெட்டுவிடவில்லை. அவன் எவர்க்கு வணங்கவில்லை என்பதை விசாரித்தபின்பே நாம் அவனைப் பழிக்கின்றோம் அல்லது இரங்குகின்றோம். குறளிலே வினைத்திட்பம் என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயரமைந்திருப்பதும், திட்பத்தை வினையினின்று பிரிக்காத நோக்கினாலேயே எனலாம்.

இதனால் தமிழர் பிறரை நியாயமின்றிப் பழிப்பதில்லை என்று கொள்ளலாகாது. பிடிவாதம், வீம்பு, நெஞ்சழுத்தம், மூர்க்கம், அடம், முரண்டு என்று பெயர்ச்சொற்களாக உறைந்தவை நம்மிடம் தாராளமாக உண்டு. அவை ஆங்கிலப் பெயரடைகள் செய்யும் அதே வேலையைச் செய்கின்றன. நெஞ்சழுத்தக்காரி என்று ஒரு பெண்ணைச் சொல்லிவிட்டால் அவள் எதற்கு இசையவில்லை என்று எவரும் விசாரிப்பதில்லை. மூர்க்கன் வடமொழியில் மூடன். தமிழில் அவன் முரடனாகவும் விடாக்கண்டனாகவும் மாறினான். அடம் என்பது ஹட என்னும் வடசொல்லின் வழியதென்பர். அது யோகிக்கு ஹடயோகமாகி வணக்கம் பெற, குழந்தைக்கு அடமாகி அடி பெறுகின்றது. முரண்டு என்பதோ எல்லை கடந்து சென்றிருக்கின்றது. சிங்களத்திலும் முரண்டு என்றே ஒலிக்கும் சொல் பிடிவாதத்தைக் குறிப்பதால், தமிழினின்று சென்றதெனக் கொள்வது பொருத்தம். மாத்தளைச் சந்தையிலோ இறத்தோட்டை வழியிலோ இரு பாஷையினரும் ஒருவரையொருவர் ஒரே சொல்லால் முரண்டு என்று குறைகூறிக்கொள்வதைக் கேட்கலாம். பழிக்கும் சொல்லை இரவல் வாங்குவது எளிது. பழிக்கப்பட்டவனுடைய காரணத்தை இரு சமூகமும் கேட்டறிந்த சந்தர்ப்பங்கள் அவ்வளவு அதிகம் இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கின்றது.

செயப்படுபொருளை இழந்த சொற்களிடையே, அதைத் தன் பெயரின் முற்பாதியிலேயே அமைத்துக்கொண்ட சொல் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. தென்னாபிரிக்காவில் இந்தியர் நடத்திய போராட்டத்துக்கு ஆங்கிலேயர் வழங்கிய பசிவ் ரெசிஸ்டன்ஸ் (செயலற்ற எதிர்ப்பு) என்ற பெயர் காந்திக்கு நிறைவளிக்கவில்லை. பலவீனருடைய ஆயுதம் என்ற கருத்து அதில் தொனிப்பதாக அவர் எண்ணினார். அவருடைய பத்திரிகை நல்ல பெயர் வேண்டி வாசகரை அழைத்தபோது மகன்லால் காந்தி சதாக்கிரகம் என்று கூறினார். அதைத் திருத்திச் சத்தியாக்கிரகம் என்று காந்தி அமைத்தார். ஆக்கிரகம் என்பது கிரஹ் என்னும் தாதுவில் பிறந்து, உறுதியாகப் பற்றுதலைக் குறிப்பது. வடமொழியில் அது விடாப்பிடி என்னும் குற்றப்பொருளிலும் வழங்கும். அதே சொல், பற்றப்படுவது எது என்று முன்னே கூறிவிட்டமையால் விரதமாயிற்று.

மாத்தளை, உக்குவளை, எல்கடுவை, இறத்தோட்டைத் தோட்டங்களின் மக்களும் உட்பட இந்திய வம்சாவளித் தமிழரிற் பெரும்பான்மையோர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்தனர். 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்கு முன்னர், இலங்கை இந்தியன் காங்கிரஸ் கொழும்பிற் பிரதமரின் காரியாலயத்தின் முன் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது. அது பல மாதங்கள் நீடித்தது. ஆணையிட்டவர்கள் தங்கள் பாஷையில் அவர்களுக்கு எந்தப் பெயரடையைத் தேர்ந்திருப்பினும், அமர்ந்திருந்தவர்கள் எதைப் பற்றியிருக்கின்றீர்கள் என்ற வினாவுக்கு விடையைத் தாங்கள் பூண்ட பெயரிலேயே வைத்திருந்தனர். வாக்கும் பிரஜாவுரிமையுமே அச்சத்தியம். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேளாமலே இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கிட்டது. 1988இல் ஒரு சட்டமும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறிய பின்னரே, நாடற்றவர் என்னும் அடைமொழி இம்மக்கள் மீதிருந்து சட்டத்தால் நீக்கப்பட்டது.